சர்க்கார் சம்பளம்

எங்கள் வீட்டில் சம்பளம் என்றால் கட்டுவது. வாங்குவதற்குப் பகார் என்று பெயர். தாராவியில் தோல் பட்டறைக்குப் போகிறவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் மாதம் பிறந்தால் "பகார் வந்துச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். பம்பாய் இந்தி எங்கள் பேச்சில் ஏறி உட்கார்ந்த பிறகு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களோடு ரயிலேறி வந்த சம்பளம் என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. "இந்த மாசச் சம்பளம் கட்டியாச்சா?" என்று அய்யா கேட்டால் என் படிப்புக்கான பணத்தைக் கேட்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்குள் இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. வெளியாட்களிடம் பேசும்போதுதான் வந்தது, அதுவும் என் கல்யாணப் பேச்சில் வந்தது.

அய்யாவுக்குத் தாராவியில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அதில்தான் நான், அம்மா, அய்யா மூவரும் இருந்தோம். மற்ற கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்கும். எங்கள் கடையில் தொங்காது. ஒரு சரக்கு வண்டிக்காரர் அப்படி ஒரு பலகையை இனாமாகக் கொண்டுவந்து கொடுத்தபோது அய்யா அதைத் திருப்பி வைத்து அதன்மேல் கருப்பட்டி ஓலைக்கொட்டான்களை அடுக்கினார். "வாங்க வாறவன் அதப் படிச்சிட்டு வருத்தப்படுவான்லா" என்றார். பாதித் தெரு அவருக்குப் பாக்கி வைத்திருந்தது. ஒருவரையும் அவர் அதட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இது பெருந்தன்மையா, வியாபாரம் தெரியாத்தனமா என்று அம்மாவுக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு. நான் அம்மா கட்சி.

நான் கல்லூரிக்குப் போனது அறுபதுகளின் நடுவில். கல்லூரி மாட்டுங்காவில். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தோல் ஊறும் வாசனை, பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. கூடப் படித்த பெண்கள் பலர் அங்கே ஃபிளாட்டில் இருந்தவர்கள். அப்பாக்கள் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்த்தார்கள். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், மாட்டுங்காவுக்குப் பக்கம் என்பேன். பொய் இல்லை, பக்கம்தான்.

பட்டம் கொடுத்தது அரசாங்கப் பல்கலைக்கழகம்தான் என்றாலும் படிப்பு சும்மா வரவில்லை. அந்த வருஷங்களில் அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கடனாக ஸ்காலர்ஷிப் கொடுக்க ஆரம்பித்திருந்தது. படிக்கிறபோது கொடுப்பார்கள், வேலைக்குப் போன பிறகு மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும். ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பாடம் நடத்துகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவார்கள். இதற்கு ஜாமீன் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் கடையில் சாமான் வாங்குகிற தோல் பட்டறை முதலாளி ஒருவர் போட்டார். அவரும் எங்கள் ஜில்லாக்காரர், பாய் என்று கூப்பிடுவோம். "புள்ள படிக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, என்ன ஏது என்று கேட்காமல் கடை வாசலில் நின்றபடியே போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அய்யா அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

கடன், ஸ்காலர்ஷிப் என்று பிரித்துச் சொல்ல அய்யாவுக்குப் பொறுமை கிடையாது. தெருவில் யார் கேட்டாலும், "எம் மவ சர்க்கார் சம்பளத்துல படிக்கா" என்பார். சர்க்கார் கட்டுகிற சம்பளம் என்பது அவர் கணக்கு. கேட்டவர்கள் 'சர்க்கார் சம்பளம்' என்ற இரண்டு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாலு வாய் மாறி, பின்னால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இருந்த செம்பூர் போய்ச் சேர்ந்தபோது நான் படிக்கிறேன் என்பதே உதிர்ந்துவிட்டது. தாராவிப் பலசரக்குக் கடைக்காரர் மகள் சர்க்கார் சம்பளத்தில் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்து வைத்ததே எங்கள் அய்யாதான்.

பட்டம் வாங்கினேன். வாடகைக் கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், மாட்டுங்கா ஸ்டுடியோவில் ஒரு படம். படத்தில் என் முகத்தைப் பார்த்தால் ரேஷன் வரிசையில் நிற்கிறவள் போல இருக்கும். அதற்கப்புறம் இரண்டு வேலை வந்தது. ஒன்று கோட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. இன்னொன்று வடாலாவில் ஒரு தனியார் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை. ஆபீசில் தருவதாகச் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் பள்ளியில். வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் கிடைக்கும். தலைமையாசிரியை மாட்டுங்கா அம்மாள், நல்லவர். "பி.ஏ. மட்டும் போறாதும்மா. டிரெய்னிங் முடிச்சாத்தான் ஸ்கேல் வரும். அதுவரைக்கும் இதுதான் தர முடியும்" என்றார். டிரெய்னிங் முடிக்க மறுபடியும் சம்பளம் கட்ட வேண்டும்.

நான் பொருளாதாரம் படித்தவள். சர்க்கரை மடித்த காகிதத்தில் அய்யாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆபீஸ் வேலைக்குப் போனால் மாதத் தவணை போகப் பள்ளிக்கூடத்து வருமானத்தைவிட அதிகம் மிஞ்சும், கடனும் சில வருஷங்களில் அடைந்துவிடும் என்று விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். கடைக்காரர், கூட்டல் கழித்தலில் என்னைவிட வேகம்.

"கணக்கு சரிதான். ஆனா கட்டுதது கட்டுததுதான், கழியுதது கழியுததுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"எப்படி ஒண்ணாவும்? ஒரு மாசம் கட்டத் தவறிட்டுன்னா பாய்ட்ட போயி கேப்பான். அந்த மனுசன் கடை வாசல்ல நின்னு போட்ட கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்குப் போ. யாரும் யாரையும் கேக்க வேண்டாம், தன்னால கழியட்டும்."

வடாலா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாலாம் வகுப்பு. என்னை எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் சோற்றில் உப்பு இல்லாததற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ போடவில்லை. என் படிப்புக்கு அவர் எவ்வளவு பேரிடம் தலை குனிந்தார் என்று எனக்குத் தெரியும், அது வாயை அடைத்தது.

செம்பூர்க்காரர்கள் வந்தது அந்த முதல் வருஷம் முடிவதற்கு முன்னால். மாப்பிள்ளை அங்கே ஒரு உரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மெட்ரிக் வரை படிப்பு. ஓவர்டைம் சேர்த்தால் பி.ஏ. படித்த என்னைப்போல் இரண்டு பேர் வாங்குவதை அவர் ஒருவரே வாங்கினார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே தனியாக வந்து எங்கள் கடையில் தேங்காய் வாங்கிப் போயிருக்கிறார். செம்பூரில் தேங்காய் கிடைக்காதா என்று அய்யாவுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. இரண்டாம் தடவை வந்தபோது காதருகே தட்டித் தட்டிப் பார்த்து ஒரு முற்றல் காயை எடுத்துவிட்டு, உள்ளே நின்ற என்னைப் பார்த்து, "இது நல்லாருக்குமா?" என்று கேட்டார். "தண்ணி இருக்காது" என்றேன். அதையே வாங்கிப் போனார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பெண் பார்க்க வந்த அன்று காலையில் அம்மா, "ஏட்டி கடங்காரி, அந்த வெளிறுன சேலையவா கட்டிருக்க, மாத்துட்டி" என்று சத்தம் போட்டாள். கடங்காரி என்பது எங்கள் வீட்டில் என் இரண்டாவது பெயர். பால் பொங்கினால் கடங்காரி, பரீட்சையில் தேறினால் "கடங்காரி தேறிட்டாளே" என்று ஒரு முத்தம். அய்யா அன்றும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையோடு அவருடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா அதிகம் பேசாதவர். அம்மா கலகலப்பு. அறைக்குள் நுழைந்ததுமே, "இவ்வளவு சாமானுக்கு நடுவுல பொண்ணத் தேடித்தான் கண்டுபிடிக்கணும் போல" என்று சிரித்தார். காப்பி கொடுத்துவிட்டு நான் அரிசி மூட்டை ஓரமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு சர்க்கார் சம்பளத்துல இருக்கான்னு சொன்னாவ. பென்சன் உண்டா?"

அய்யா விழித்தார். "பென்சனா? அது படிக்க வரைக்கும்தான குடுப்பான்?"

"படிக்க வரைக்குமா?"

"ஆமா. காலேஜு சம்பளம். சர்க்கார்தான் கட்டுனான்."

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்பம் இப்பம் பொண்ணு என்ன செய்யுதா?"

"வடாலாவுல டீச்சர். பிரைவேட் ஸ்கூலு."

"சர்க்கார் கட்டுனது சும்மாவா, இல்ல திருப்பிக் கேப்பானா?"

அய்யாவுக்குப் பொய் வராது. வந்திருந்தால் கடை பெரிதாகியிருக்கும். "கடன்தான்" என்றார். "பத்து வருஷம் பாடஞ் சொல்லிக் குடுத்தா அதுவே கழிஞ்சிரும்."

"நடுவுல வேலைய விட்டுட்டா?"

"கட்டணும்."

மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஏமாற்றப்பட்டோம் என்றுகூட அவர் நினைத்ததாகத் தெரியவில்லை, கணக்கை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பேச்சை மாற்ற வேண்டும் என்று அவர் மனைவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் கன்னத்தை எட்டித் தொட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு என்ன இம்புட்டு யோசனை? எல்லாரும் மருமவளச் சும்மா கடங்காரின்னு ஏசுவாவ. எனக்கு அசல் கடங்காரியே வாறா."

அம்மா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது ஏச்சு இல்லை, என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அய்யா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு எழுந்தார்.

"காப்பி குடிச்சாச்சுன்னா கெளம்புங்க."

"அண்ணாச்சி, வெளாட்டுக்குல்லா சொன்னேன்" என்று அந்த அம்மாள் பதறினார்.

"வெளாட்டுதான். இந்தத் தெருவுல பாதிப் பேரு எனக்குப் பாக்கி. ஒருத்தரையும் நான் அந்தச் சொல்லு சொன்னதில்ல. கடனோட பொண்ணக் குடுத்தா நாளைக்கு அது வெளாட்டாவா இருக்கும்? எம் மவ அடைச்சு முடிக்கட்டும். அதுக்கு முந்தி பேச்சு வேண்டாம்."

அம்மா அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். போகும்போது அந்த அம்மாள் என்னிடம் ஏதோ சொல்ல வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். அய்யா முன்பக்கம் போய்க் கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து வியாபாரத்தை ஆரம்பித்தார். "வெளங்காத மனுசன்" என்று அம்மா அழுதாள். காலையில் அவளே என்னை எத்தனை தடவை கடங்காரி என்று கூப்பிட்டாள் என்று அய்யாவுக்கு நினைவுபடுத்த எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மா அன்றிலிருந்து அந்தச் சொல்லையும் விட்டிருப்பாள்.

நான் தம்ளர்களைக் கழுவி வைத்தேன். அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது உள்ளே. காலாக இருந்தால் உதறிக்கொள்ளலாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னதைக்கூடத் திருத்தியிருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அம்மா கடைசிவரை என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வந்தபோது வடாலா பஸ் ஸ்டாப்பில் அந்த மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தார், முழங்கை வரை கழுவிக் கழுவியும் போகாத கிரீஸ். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கம்மா அழுதுக்கிட்டே இருக்கா. மன்னிச்சிக்கிடச் சொன்னா."

"மன்னிக்க என்ன இருக்கு. எங்க வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுவாவ."

அவர் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பதுபோல் சொன்னார். "அந்தக் கடன நான் மாசாமாசம் கட்டிருதேன். ரெண்டு ஓவர்டைம் கூடப் பாத்தாப் போதும். நீங்க வேலைக்குப் போனாலும் சரி, போவாட்டியும் சரி. எங்கப்பாவும் சம்மதிச்சிட்டாவ. நீங்க என்ன சொல்லுதிய?"

"அய்யாட்ட கேளுங்க."

"அவியட்ட நேத்து கேட்டாச்சு. கடைக்கு முன்னால நிக்க வச்சு, கடன் அடையட்டும்னு சொல்லி அனுப்பிட்டாவ. அதான் ஒங்ககிட்டயே கேக்க வந்தேன்."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அய்யா ஆடியிருப்பார், பேசாமல் இருந்திருப்பார், அம்மா நடுவில் நின்று எப்படியாவது முடித்திருப்பாள். எனக்கு ஆசை இருந்தது. பயம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் ஆசைக்கும் வாய்க்கும் நடுவில் எதுவுமே அசையவில்லை. பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவள், படிக்காமல் போன கேள்வி ஒன்றுக்கு முன்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. கண்டக்டர் "சலோ, சலோ" என்றார். நான் ஏறிக்கொண்டேன். ஏறியது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது என் பஸ், அது வந்தது, அதனால் ஏறினேன் என்றுதான் சொல்ல முடிகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் ரயிலுக்குப் போகிற வழியில் நடந்துகொண்டிருந்தார்.

வைகாசியில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஊர்ப்பக்கம், எட்டாம் வகுப்பு வரை படித்தவள். செய்தி கொண்டுவந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விடுமுறைக்கு எடுத்து வந்த பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன்.

மழை ஆரம்பித்து, பள்ளிக்கூடம் திறந்து, சில நாள் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு வருஷம் பாடம் நடத்தியதற்கு அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சான்றைக் கடன் ஆபீசில் ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். "நல்ல விஷயம், ஆத்துல சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். அவர் கல்லாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, குடை இல்லாமல் மழையில் இறங்கிப் போனார். முதலில் பாயின் பட்டறைக்குப் போய் அவரிடம் சொன்னாராம். அங்கிருந்து மாட்டுங்கா வரை நடந்திருக்கிறார். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது, சட்டைக்குள் வைத்திருந்த ஜாங்கிரிப் பொட்டலம் மட்டும் நனையவில்லை.

ஈரத் துண்டோடு என் எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பட்டமளிப்பன்றுகூடப் பார்க்கவில்லை. முதல் ஜாங்கிரியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒரு பங்கு கழிஞ்சிட்டுட்டி. இன்னும் ஒம்பது வருஷந்தான், கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும். பெறவு ஒரு பய ஒன்ன ஒரு சொல்லு சொல்ல முடியாது. நல்ல மாப்பிள்ளையாப் பாப்போம்."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஜாங்கிரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

"இனிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குய்யா" என்றேன்.